அலுவலக அறையில் பண்பாடு: துருக்மேனியக் கம்பளத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கலை இலக்கியத் திறனாய்வில் ஈடுபடுவோர் கவிதையையும் நாவலையும் நாடகத்தையும் நுணுகி நோக்கப் பழகியுள்ள அளவுக்கு, மனிதர் அன்றாடம் புழங்கும் அறைகளை நோக்கப் பழகினாரல்லர். ஆயின் அறையும் ஓர் ஆக்கமே. அதனை ஆக்கியவர் உளர். அதனை எதிர்கொள்பவர் உளர். அதற்கு உருவமும் உள்ளடக்கமும் உண்டு. சிறப்பாக, உயர் அலுவலர் ஒருவரின் அறை, தன்னுள் நுழைவோரிடம், எவரும் வாய் திறப்பதற்கு முன்னரே பேசத் தொடங்கிவிடுகின்றது. நுழைபவர் எங்கே நிற்க வேண்டும், அமரலாமா, குரலை எவ்வளவு உயர்த்தலாம் என்பன யாவும் தளபாடங்களின் ஒழுங்கினாலேயே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. இத்தகைய அறைக்குள் 'பண்பாட்டுச் சாயல்' ஒன்றைப் புகுத்துவது இன்று உள்ளக அலங்காரத் துறையினரின் விருப்பத்துக்குரிய உத்தியாகியுள்ளது. அவ்வுத்தியின் தன்மையையும் தகுதியையும், துருக்மேனியக் கம்பளத்தைப் பிரதான எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலையின் உட்டுறைமுகத்தை அண்டியுள்ள ஓர்ஸ் ஹில் பகுதியில் நின்று இவ்விடயத்தை நோக்குவதற்குத் தனிப் பொருத்தமுண்டு. தமிழில் உவர்மலை என வழங்கும் இம்மேட்டில் குடிமனைகளும் பாடசாலைகளும் அரச அலுவலகங்களும் கலந்துள்ளன. கிழக்கு மாகாண ஆளுநரின் செயலகம் இப்பகுதியிலேயே அமைந்துள்ளது. 1988ஆம் ஆண்டு வடக்கு-கிழக்கு மாகாண சபை நிறுவப்பட்ட வேளையில் திருகோணமலை அதன் தலைமையிடமாயிற்று. 2006ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பினையடுத்து இரு மாகாணங்களும் பிரிக்கப்பட்டன. 2008இல் கிழக்குக்கெனத் தனியான சபை தெரிவு செய்யப்பட்டது. 2017இல் அதன் காலம் முடிவுற்ற பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. சபை மண்டபம் வெறுமையாயிருந்த அக்காலத்திலும் அலுவலர் அறைகள் வெறுமையாயிருக்கவில்லை. மக்கள் தம் பிரதிநிதியைச் சபையிற் காணவியலாத காலத்தில் அவர்கள் அரசு எனக் காண்பது அலுவலரின் அறையையே. ஆகவே அவ்வறை எவ்வாறு அமைந்துள்ளது என்பது வெறும் அழகியல் வினா அன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

எமது பேச்சுவழக்கை நோக்குமிடத்து, அலுவலக அறையின் வரலாறு அதன் சொற்களிலேயே படிந்திருத்தலைக் காணலாம். மேசையும் கதிரையும் அலுமாரியும் யன்னலும் சாவியும் போர்த்துக்கேயர் வழி வந்த சொற்கள். கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. கச்சேரி என்பது இந்துஸ்தானியிலிருந்து ஆங்கிலேய நிருவாகத்தின் வழியே வந்து, மாவட்டச் செயலகத்தின் பெயராக ஊன்றிவிட்டது. இவற்றுள் எதனையும் நாம் இன்று அந்நியமாக உணர்வதில்லை. பொருள் வந்தது, பொருளோடு பெயர் வந்தது, பெயரைத் தமிழ் தன் ஒலிக்கேற்ப வளைத்துக்கொண்டது. ஆயின் பொருளோடு கூடவே வந்த இன்னொன்றும் உண்டு. அமர்ந்திருப்பவருக்கும் எதிரே நிற்பவருக்கும் இடையேயுள்ள உறவே அது. பதவியையே 'கதிரை' எனச் சுட்டும் வழக்கு எம்மிடையே வேரூன்றியிருப்பது தற்செயலன்று. கதிரை என்ற சொல்லைத் தமிழாக்கிக்கொண்ட நாம், கதிரையில் அமர்வதற்குரியவர் யார் என்ற வழக்கினை மாற்றிக்கொண்டோமா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

அலங்காரம் பற்றிய சிந்தனையில் எதிரெதிரான இரு நிலைப்பாடுகளை இவ்விடத்திற் குறிப்பிடுதல் பொருத்தமுடையது. வியன்னாவைச் சேர்ந்த கட்டடக்கலைஞரான அடோல்ஃப் லூஸ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'அலங்காரமும் குற்றமும்' என்ற தலைப்பிலமைந்த ஆக்கத்தில், பயன்படு பொருள்களிலிருந்து அலங்காரத்தை நீக்குவதே பண்பாட்டு வளர்ச்சியின் அடையாளம் என வாதிட்டார். 1877இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியோ, 1939இல் அலங்காரம் குறித்து எழுதிய கட்டுரையில் வேறொரு வழியாற் சென்றார். வடமொழியில் 'அலம்' என்பது 'போதிய' எனப் பொருள்படும். எனவே அலங்காரம் என்பது ஒரு பொருளை அதன் தொழிலுக்குப் போதியதாக்குவது, அதனை முழுமைப்படுத்துவது. மேற்பூச்சு என்ற பொருள் பின்னர் வந்து சேர்ந்த தேய்வே என்பது அவரது கருத்து. ஒருவர் அலங்காரத்தை விலக்குகின்றார். மற்றவர் அதனை மீட்கின்றார். ஆயினும் தொழிலற்ற அலங்காரம் வீண் என்ற ஒரு கருத்தில் இருவரும் உடன்படுகின்றனர். இவ்வுடன்பாட்டையே நாம் உரைகல்லாகக் கொள்ளலாம். அறையொன்றிற் புகுத்தப்படும் பண்பாட்டுச் சாயல் அவ்வறையில் எத்தொழிலைப் புரிகின்றது? இதுவே கேட்கவேண்டிய கேள்வி.

நடைமுறையில் உயர் அலுவலர் அறையொன்று எவ்வாறு அமைக்கப்படுகின்றது என நோக்குவோம். கருமரத்தாலான அகன்ற மேசை, உயர்ந்த முதுகுடைய தோற்கதிரை, எதிரே தாழ்ந்த இரு கதிரைகள், நூலடுக்கு, கொடி, தலைவரின் உருவப்படம் என்பன உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வகையின. இவற்றை அவ்வாறே நிறுத்திவிட்டு, அதன் பின்னரே நாட்டுக்கு நாடு வேறுபடும் மேற்சாயல் தேடப்படுகின்றது. துருக்மேனியச் சாயல் வேண்டுமாயின் தரையிற் சிவப்புக் கம்பளமும், மேசையின் ஓரத்தில் அகால்-டெக்கே குதிரையின் சிலையும், திரைச்சீலையின் கரையிற் கம்பள வடிவங்களும் இடம்பெறும். தமிழ்ச் சாயல் வேண்டுமாயின் குத்துவிளக்கும் நடராசர் படிமமும் போதும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைக்கலாம். அறையின் இயல்பில் எம்மாற்றமும் நேராது. இவ்வாறு எளிதில் மாற்றீடு செய்யத்தக்கனவாய் இருத்தலே இச்சாயல்களின் அடிப்படைக் குறைபாடு எனலாம். உருவம் ஓரிடத்திலும் உள்ளடக்கம் வேறோரிடத்திலும் நிற்கும் செய்யுளை நாம் எவ்வாறு மதிப்பிடுகிறோமோ, அவ்வாறே இவ்வறைகளையும் மதிப்பிடுதல் வேண்டும்.

துருக்மேனியத்தை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. நான்காகப் பகுக்கப்பட்ட எண்கோண வடிவங்கள் வரிசை வரிசையாக அமைந்த செந்நிறக் கம்பளத்தைப் பெரிய விடுதிகளிலோ நிறுவனத் தலைவர்களின் அறைகளிலோ கண்டிராதார் சிலரே. 'புகாரா' என்ற பெயரில் அது வணிகத்தில் வழங்குகின்றது. உண்மையில் அவ்வடிவம் டெக்கே என்னும் துருக்மேனியக் குலத்தாருக்குரியது. புகாராச் சந்தை வழியே வெளியுலகுக்குச் சென்றமையால் விற்ற இடத்தின் பெயர் நிலைத்து, நெய்தவரின் பெயர் மறைந்தது. பின்னர் பாகிஸ்தானின் கம்பளத் தொழிலகங்கள் அவ்வடிவத்தைப் பெருமளவில் நெய்து ஏற்றுமதி செய்தன. எனவே துருக்மேனியச் சாயல் எமது பிராந்தியத்தின் அலுவலக அறைகளுக்குப் புதியதன்று. பெயரின்றி அது முன்னரே வந்துவிட்டது. பெயரிழந்த அப்பொருள் தன் பிறப்பிடத்தில் யாதாயிருந்தது என்பதை அறிந்தாலன்றி அதன் இன்றைய நிலையை மதிப்பிடல் இயலாது.

துருக்மேனியர் நெடுங்காலம் ஆட்டு மந்தைகளுடன் இடம்பெயர்ந்து வாழ்ந்த குலத்தவராவர். அவர்களது வீடு மரச்சட்டகத்தின் மீது கம்பளிப் படங்கு போர்த்திய வட்டக் கூடாரம். புகை படிந்து கருமையுற்றமையால் அது 'கரா ஓய்', அஃதாவது கரிய வீடு எனப்பட்டது. அவ்வீட்டில் அலுமாரி இல்லை, கதிரை இல்லை, கதவுகள் பல இல்லை. இவையனைத்தின் தொழிலையும் நெசவே புரிந்தது. வாயிலிற் தொங்கிய 'என்சி' என்னும் விரிப்பு கதவின் பணியைச் செய்தது. 'சுவால்' என்ற பெரும் பையும் 'தோர்பா' என்ற சிறு பையும் உடுபுடைவைகளையும் பண்டங்களையும் காத்தன. அடுப்பைச் சூழ ஒரு விரிப்பு. தொழுகைக்கு ஒரு விரிப்பு. மணப்பெண் ஏறிச்செல்லும் ஒட்டகத்தின் இரு விலாப்புறங்களிலும் ஐங்கோண வடிவான 'அஸ்மாலிக்' இணை. இவற்றை நெய்தோர் பெண்கள். ஆட்டு மயிரை நூற்று, மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து பெற்ற சிவப்பிலே தோய்த்து, நிலத்திற் கிடத்திய தறியில் அவர்கள் முடிச்சிட்டனர். டெக்கேக் கம்பளத்தின் ஒரு சதுர மீற்றரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள் இருத்தல் வழமை. குமாரசுவாமி கூறிய பொருளில் இவை யாவும் அலங்காரங்களே. வாழ்க்கையைப் போதியதாக்கிய பொருள்கள் அவை.

இவ்வீட்டின் இட ஒழுங்கே எமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. கூடாரத்தின் நடுவே அடுப்பு. அடுப்புக்கு அப்பால், வாயிலுக்கு நேரெதிரே அமைந்த இடம் 'தோர்' எனப்படும். துருக்கிய மொழி பேசும் மக்கள் பலரிடையே இவ்வழக்கு உண்டு. சிறந்த கம்பளம் அங்கேயே விரிக்கப்படும். அது மதிப்பிற்குரிய இடம். விருந்தினராய் வந்தவரை வீட்டுக்குரியவர் அவ்விடத்தில் அமர்த்துவர். இனி, உயர் அலுவலரின் அறையை மீண்டும் நோக்குவோம். அங்கும் வாயிலுக்கு நேரெதிரே, அறையின் ஆழத்தில், ஒரு மதிப்பிற்குரிய இடம் உண்டு; அதில் அமர்ந்திருப்பவர் அலுவலர். வந்தவர் வாயிலுக்கு அண்மையிற் தாழ்ந்த இருக்கையில் அமர்கின்றார், அல்லது நிற்கின்றார். கூடாரத்தில் விருந்தினருக்குரியதாயிருந்த இடத்தை அலுவலகத்தில் வீட்டுக்குரியவரே எடுத்துக்கொண்டுள்ளார். கம்பளம் அதே கம்பளமாயிருக்கலாம். வடிவமும் நிறமும் பழுதின்றி இருக்கலாம். ஆயினும் அக்கம்பளம் எவ்வுறவைத் தாங்கி நின்றதோ அவ்வுறவு தலைகீழாகிவிட்டது. பண்பாடு அறைக்குள் வந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் வந்தது அதன் தோலே.

கம்பளம் கூடாரத்தை விட்டு அறைக்குள் வந்த வரலாறும் இத்தலைகீழாக்கத்தையே உறுதிப்படுத்துகின்றது. 1881ஆம் ஆண்டு சனவரியில் கியோக்-தெப்பே கோட்டையை ருஷ்யப் படை வீழ்த்தியதோடு டெக்கே குலத்தாரின் தன்னுரிமை பறிபோயிற்று. அதன் பின்னரே துருக்மேனியக் கம்பளம் ஐரோப்பியச் சேகரிப்பாளரின் பெருவிருப்புக்குரியதாயிற்று. காஸ்பியனுக்கு அப்பாற்பட்ட பிரதேசத்தை ஆண்ட ருஷ்யத் தளபதி பொகோலியூபோவ், அம்மக்களின் கம்பளங்களைத் தேடித் திரட்டி, 1908, 1909ஆம் ஆண்டுகளில் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் வண்ணப்படத் தொகுதியாக வெளியிட்டார். அவரது உழைப்பு அறிவுலகுக்குப் பயன்பட்டது என்பதை மறுத்தல் நேர்மையன்று. எனினும், ஆளப்படுபவரின் வீட்டு விரிப்பு ஆள்பவரின் சேகரிப்புப் பொருளாக மாறிய தருணம் அது என்பதும் மறக்கத்தக்கதன்று. சோவியத் காலத்தில் அதே தறிகளில் லெனினதும் ஸ்டாலினதும் முகங்கள் நெய்யப்பட்டன. காலடியில் விரிந்த கம்பளம் சுவரேறி உருவப்படமாயிற்று.

1991இல் துருக்மேனிஸ்தான் சுதந்திர நாடானது. 1992இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அதன் கொடியின் செங்குத்துப் பட்டையில் ஐந்து கம்பள வடிவங்கள் இடம்பெற்றன. 'குல்' எனப்படும் இவ்வடிவங்கள் குலங்களைக் குறிப்பன. அஷ்காபாத் நகரிற் கம்பளத்துக்கெனத் தேசிய அரும்பொருட் காட்சிச்சாலை உண்டு. மே மாதத்தின் இறுதி ஞாயிறு கம்பள நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 2019இல் கம்பளம் நெய்யும் மரபு யுனெஸ்கோவின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதே அஷ்காபாத், வெண்சலவைக்கல் போர்த்திய கட்டடங்களின் செறிவுக்காக 2013இல் கின்னஸ் பதிவு பெற்றது. அங்ஙனம் எண்ணப்பட்ட கட்டடங்கள் 543. சுருட்டி ஒட்டகத்திலேற்றிச் செல்லத்தக்க வீட்டைக் கொண்டிருந்த மக்களின் பெயரால், பெயர்க்கவியலாத சலவைக்கல் நகரம் எழுந்தது. அந்நகரின் உத்தியோக அறைகளுக்குக் கம்பளமே 'தேசியத்' தன்மையை வழங்குகின்றது. அந்நாட்டவர் தம் கொடியிற் கம்பளத்தைப் பொறித்ததை நாம் குறைகூறப் புகவில்லை. நெசவு செய்த பெண்ணின் கைத்திறன் நாட்டின் அடையாளமாதல் பெருமையே. ஆனால் அடையாளமாக உயர்த்தப்பட்ட ஒன்று, உறவாக இயங்கும் ஆற்றலை இழந்துவிடலாகாது என்பதே எமது வாதம்.

இவ்விடத்தில் சோவியத் இனவரைவியலாளரான மோஷ்கோவா 1940களில் முன்வைத்த கருத்தொன்று சிந்தனைக்குரியது. குலமொன்று தன்னுரிமையுடன் வாழுங்காலத்தில் அதன் குல் பெருங்கம்பளத்தின் நடுவே விளங்கும். அதுவே உயிருள்ள குல். குலம் பிறரால் அடிப்படுத்தப்பட்டால் அதன் குல் நடுவிடத்தை இழந்து சிறுபொருள்களில் வெறும் அழகு வடிவமாக எஞ்சும். அதுவே இறந்த குல். பிற்கால ஆய்வாளர் பலர் இக்கோட்பாட்டை முழுமையாக ஏற்பதில்லை. வணிகமும் அழகுணர்ச்சியும் வடிவங்களைக் குல எல்லை கடந்து பரப்பின என்பர். வரலாற்றுக் கோட்பாடு என்ற வகையில் அது ஐயத்துக்குரியதாயினும், திறனாய்வுக் கருவி என்ற வகையில் அதன் கூர்மை குன்றவில்லை. ஒரு வடிவம் நிலைத்திருத்தல் வேறு, உயிரோடிருத்தல் வேறு என்பதை அது எமக்கு உணர்த்துகின்றது.

திருகோணமலையில் வாழ்வோர் இவ்வுண்மைக்குச் சான்று தேடி மத்திய ஆசியாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. உவர்மலையிலிருந்து நகரைக் கடந்து பிரெட்ரிக் கோட்டையின் வாயிலை அடைந்தால் போதும். 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். வாயிற் கல்லில் இணைக்கயற் பொறிப்பும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் உள்ளன. பாண்டியரின் இலச்சினையெனக் கொள்ளப்படும் அக்கயல்களின் கீழாகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் முறையே நுழைந்து வெளியேறினர். அக்கற்களைப் பார்த்து, 'கோட்டை கட்டியோர் உள்ளூர்ப் பண்பாட்டுக்கு இடமளித்தனர்' என எவரேனும் கூறுவரா? கூறார். ஏனெனில் அக்கல் அங்கு கல்லாகவே பயன்பட்டது. அதன் பொருள் பயன்படவில்லை. அலுவலக அறையில் வைக்கப்படும் பண்பாட்டுச் சின்னம் இவ்வாயிற் கல்லினின்றும் எவ்வகையில் வேறுபடுகின்றது என்ற வினாவை ஒவ்வோர் அறையிலும் நாம் கேட்டல் தகும்.

அங்ஙனமாயின் பண்பாட்டுச் சாயலுடன் உத்தியோக அறையை அமைத்தலே கூடாததா? இல்லை. செய்யவேண்டிய முறையே வேறு. துருக்மேனியச் சாயலை நேர்மையாகக் கொண்டுவர விரும்புபவர் முதலில் இருக்கைகளை நகர்த்துதல் வேண்டும். அறையின் சிறந்த இடம், வெளிச்சமும் காற்றும் படும் இடம், வந்தவருக்குரியதாதல் வேண்டும். அலுவலரின் எழுத்து மேசை ஒரு பக்கச் சுவரையொட்டி அமையலாம். உரையாடல் நிகழும் இடம் வேறாகலாம். அவ்விடத்தைச் சுட்டுவதற்குக் கம்பளம் விரிக்கப்படுமாயின் அது தன் பழைய தொழிலை மீண்டும் செய்கின்றது. 'இங்கே அமர்க' எனச் சொல்கின்றது. வாயில் விரிப்பைச் சுவரில் மாட்டுவதைவிட, உள்ளிருப்பவரும் வெளியிருப்பவரும் ஒருவரையொருவர் ஓரளவு காணத்தக்க திரையாக வாயிலிலேயே இடுவது பொருத்தம். பொருள்களைச் சுவால் போல ஒழுங்காக அடக்கிவைக்கும் எளிமை, கோப்புகள் குவிந்த மேசைக்கு நல்ல பாடம். இவ்வளவும் செய்தபின் குல் வடிவம் ஒன்றுகூட அறையில் இல்லாதிருப்பினும், அவ்வறை துருக்மேனிய மரபுக்கு நெருங்கியதாகவே இருக்கும்.

இலங்கைக் கட்டடக்கலையிலும் இதற்கு ஒப்புமை காணலாம். 1982இல் கோட்டேயில் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடத்தில், கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா சபாமண்டபத்தின் உட்கூரையைக் கூடாரம் போன்று அமைத்தார். நடுவே லக்கி சேனநாயக்க உருவாக்கிய, ஓலை வடிவிலான வெள்ளி விளக்குக்கொத்து தொங்குகின்றது. கண்ணைக் கவர்வன இவை. எனினும், 1970களில் அதே பாவா கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கென வரைந்த பன்மாடிக் கட்டடமே எமது வாதத்துக்கு மிகப் பொருத்தமான சான்று. இயற்கைக் காற்றும் ஒளியும் உட்புகுமாறு அது திட்டமிடப்பட்டது. அங்கே மரபுச் சின்னம் எதுவும் முன்னிறுத்தப்படவில்லை. எமது பழைய வீடுகள் வெயிலையும் காற்றையும் எவ்வாறு எதிர்கொண்டன என்ற அறிவு மட்டும் அங்கே தொழிற்பட்டது. முன்னையது பண்பாட்டைக் காட்டுகின்றது. பின்னையது பண்பாட்டாற் சிந்திக்கின்றது.

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, உத்தியோக அறை வீடன்று. அங்கே முறைமையும் இடைவெளியும் வேண்டும் என்பது. இம்மறுப்பில் உண்மை உண்டு. கூடாரத்தின் விருந்தோம்பல் ஆளறிந்து செய்யப்படுவது. அலுவலகமோ ஆளறியாது சமமாக நடத்தவேண்டிய இடம். அறிமுகமானவருக்குக் கதிரையும் அறியாதவருக்கு வாசற்படியும் அளிக்கும் 'விருந்தோம்பல்' எமது அலுவலகங்களிற் குறைவின்றி உண்டு. அது நமக்கு வேண்டா. முறைமை என்பது எளியோருக்குப் பாதுகாப்பு. ஆதலால் நாம் வேண்டுவது முறைமையை ஒழித்தலையன்று. நல்லிருக்கை வருபவருக்குரியது என்பதையே முறைமையாக்குதலை. தயவாக அளிக்கப்படும் இருக்கை அறையின் இயல்பை மாற்றாது. உரிமையாக அமைந்த இருக்கையே மாற்றும்.

இரண்டாவது மறுப்பு இதனினும் ஆழமானது. 'தோர்' என்ற இடமும் சமத்துவத்தின் இடமன்று. வயதும் தகுதியும் பார்த்தே அங்கு அமர்த்தினர். ஆடவர் பக்கம், பெண்டிர் பக்கம் எனக் கூடாரம் பகுக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் விரல் தேய முடிச்சிட்ட பெண், தான் நெய்த கம்பளத்தின் மதிப்பிற்குரிய இடத்தில் அமரும் வாய்ப்பு அரிது. இதனை மறைத்துப் பழமையைப் போற்றுதல் திறனாய்வாகாது. எமது திண்ணையும் அவ்வாறானதே. எவர் திண்ணையில் அமரலாம், எவர் முற்றத்தில் நிற்கவேண்டும் எனச் சாதி வகுத்த எல்லைகளை அறியாதார் எம்முள் இலர். எனவே மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எது, விடவேண்டியது எது என்ற தெரிவு தவிர்க்கவியலாதது. மரபை அலங்காரப் பொருளாக்குவோர் இத்தெரிவினின்றும் தப்பிவிடுகின்றனர்; மேசையில் வைத்த குதிரைச் சிலை எவரையும் எக்கேள்வியும் கேட்பதில்லை. மரபை உறவாகக் கொள்வோரோ தெரிந்தே தீரவேண்டும்.

சொந்த அனுபவமொன்றைக் கூறுதல் இங்கு பிழையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் காணி தொடர்பான விண்ணப்பமொன்றுக்காக எனது அம்மம்மாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வாயிலிற் குத்துவிளக்கு, சுவரிற் பொங்கற்பானையும் கரும்பும் தீட்டிய ஓவியம், உயர் அலுவலரின் அறையிற் சிவந்த கம்பளம். கம்பளத்தைக் கண்டதும் அம்மம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். "செருப்போட வரலாம், அம்மா" எனச் சிற்றூழியர் சிரித்தவாறே கூறினார். அவர் கேட்கவில்லை. வெறுங்காலுடன் உட்சென்று, கம்பளத்தில் மிதிக்காது அதன் ஓரமாய் நின்றார். உள்ளேயிருந்தோர் சப்பாத்துக் கால்களுடன் அதன் குறுக்கே நடந்து கோப்புகளை எடுத்துச் சென்றனர். அமருமாறு எவரும் கூறவில்லை. நிரப்பித் தருமாறு நீட்டப்பட்ட படிவம் அவர் வாசிக்கும் மொழியில் இருக்கவில்லை. அவ்வறையிற் கம்பளத்தின் பொருளை அறிந்திருந்தவர் அவர் ஒருவரே என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று. விரிப்பு எனின் அது மதிப்புடன் அமர்வதற்குரிய இடம் என்பதை, பாய் விரித்து வெற்றிலைத் தட்டம் வைத்து வந்தவரை இருத்திப் பழகிய அவரது கால்கள் அறிந்திருந்தன.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அச்சட்டத்தின் பொருள் முழுமையாக உணரப்படும் இடம் நீதிநூல்களன்று, அலுவலக அறையே. பொங்கற்பானை ஓவியம் தமிழ்ச் சாயல். தமிழிற் படிவம் தமிழ்ப் பண்பாடு. முன்னையது பின்னையதற்கு ஈடாக வைக்கப்படுமாயின் அது வெறும் வீணான அலங்காரமாக நின்றுவிடாது. ஒரு குறையை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகின்றது. கிழக்கிலே பன்புல்லிற் பின்னிய பாய் உண்டு. மருதமுனையிற் கைத்தறி உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இம்மாகாணத்தின் அறைகளில் இவற்றைப் பயன்படுத்துதல் வரவேற்கத்தக்கதே. உழைக்கும் கைகளுக்கு அதனால் ஊதியமும் கிட்டும். ஆயின் பாயைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதோடு பணி முடிந்ததென எண்ணுவோமாயின், துருக்மேனியக் கம்பளத்துக்கு நேர்ந்ததே எமது பாய்க்கும் நேரும். உயிருள்ள வடிவம் எமது கண்முன்னேயே இறந்த வடிவமாகிவிடும்.

இறுதியாக, தொடங்கிய இடத்துக்கே மீளலாம். ஓர்ஸ் ஹில் என்றும் உவர்மலை என்றும் ஒரே மேட்டுக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. ஓர்ஸ் என்ற ஒலியும் உவர் என்ற ஒலியும் ஒன்றையொன்று நெருங்கி நிற்க, கடலை அண்டிய மேட்டுக்கு உப்பின் பெயர் இயல்பாய்ப் பொருந்திவிட்டது. எந்தப் பெயர் முந்தியது என்பதன்று இங்கு முக்கியம். மக்கள் அப்பெயரைச் சுவரில் மாட்டிவைக்கவில்லை என்பதே முக்கியம். அதனைச் சொல்லி வழி கேட்கின்றனர், கடிதங்களில் எழுதுகின்றனர், பிள்ளைகளின் பாடசாலையை அப்பெயராற் சுட்டுகின்றனர். வாயிற் புழங்கும் வரை அப்பெயருக்கு உயிருண்டு. அலுவலக அறைகளுக்கும் அளவுகோல் இதுவே. அங்கே எந்நாட்டுக் கம்பளமும் விரிக்கப்படலாம். வெறுங்காலுடன் வரும் ஒரு முதியவர் அதன் ஓரத்தில் நில்லாது, அதன் மீது நடந்து சென்று, தமக்கென இட்ட கதிரையில் அமர்ந்து, தம் மொழியிற் பேசத் தொடங்கும் நாளிலேயே அவ்வறையிற் பண்பாடு குடிபுகுந்தது எனக் கூறவியலும்.